தங்கவயலில் உயர்நிலைப் பள்ளி

1901-ஆம் ஆண்டு கோலார் தங்கவயலின் நந்திதுர்க்கம் சுரங்கப் பகுதியில் ஒரு பள்ளி தொடங்கப்பெற்றது. சுரங்கங்களை நிர்வகித்த ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய பிரிட்டிஷ், ஐரோப்பிய ஊழியர்களின் பிள்ளைகளுக்காகவே அப்பள்ளி ஏற்பட்டது. அந்நாட்களில் அதே வயலில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் வேலை செய்து வந்தனர். அவர்களுடைய பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை. அப்பள்ளி காலப்போக்கில் உயர்நிலைப் பள்ளியாக உயர்ந்து, கோலார் தங்கவயல் ஆண்கள் பள்ளி என்று பெயர் பெற்றது. அந்தப் பள்ளியில் தொடங்கி, சுரங்கத் தொழிலாளியின் பிள்ளை பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதும் நிலை வரையிலான தொலைவே இந்நகரத்தின் கல்வி வரலாறு எனலாம்.

சுரங்கம் நடத்திய பள்ளி

ஒரு சுரங்க நிறுவனம் பள்ளி நடத்த முன்வந்ததற்குக் காரணம் தருமசிந்தனை மட்டுமன்று. 1873-இல் மைக்கேல் லவெல் என்பவர் இங்கே தங்கம் தேடும் உரிமை பெற்றார். 1880-இல் டெய்லர் நிறுவனம் பொறுப்பேற்றது. சில ஆண்டுகள் கழித்தே வளமான தாதுப் படுகை வசப்பட்டது. 1894-இல் பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காரப்பேட்டையிலிருந்து, மாரிக்குப்பம் வரை இருப்புப்பாதை வந்தது. 1902-இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவைக் கடந்து மின்சாரம் வந்தது. இந்தியாவின் பெருநகரங்கள் பலவும் மின்விளக்கைக் காணாத காலம் அது. இத்தகைய இயந்திரங்களை இயக்கவும் நிலத்தடியில் மேற்பார்வை செய்யவும் இங்கிலாந்தின் கார்ன்வால் போன்ற இடங்களிலிருந்து அனுபவமுள்ளவர்கள் வரவழைக்கப்பட்டனர்.

அவர்களை இங்கே நிலைத்திருக்கச் செய்வது எளிதாயிருக்கவில்லை. பிள்ளைகளை மலைவாசத் தலங்களின் விடுதிப் பள்ளிகளுக்கோ கடல் கடந்த தாயகத்துக்கோ அனுப்பினால் குடும்பம் பிரியும், செலவும் ஏறும். ஆகவே மருத்துவமனை, மனமகிழ் மன்றம், விளையாட்டு மைதானம் ஆகியவற்றைப் போலவே பள்ளியும் ஊழியர் பெறும் ஊதியத்தின் ஒரு பகுதியாயிற்று. அதன் பாடத்திட்டமும் இந்த நோக்கத்துக்கு இசையவே அமைந்தது. மாணவர்கள் மைசூர் சமஸ்தானத் தேர்வுக்குப் பதிலாகக் கேம்பிரிட்ஜ் தேர்வுக்கே ஆயத்தம் செய்யப்பட்டனர். வினாத்தாள் இங்கிலாந்திலிருந்து வரும். விடைத்தாள் கப்பலேறித் திரும்பிச் செல்லும். தந்தை எந்தக் குடியேற்ற நாட்டுச் சுரங்கத்துக்கு மாற்றப்பட்டாலும் மகனுடைய சான்றிதழ் அங்கே செல்லுபடியாகும்.

1904-இல் தார்பு நகரப் புனித சூசையப்பர் சபைக் கன்னியர், ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்தியப் பெண் குழந்தைகளுக்கென ஓர் ஆங்கிலப் பள்ளியைத் தொடங்கினர். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என மேல்தட்டின் தேவை இவ்வாறு மூன்றே ஆண்டுகளில் நிறைவேறியது. மற்றவர்களின் தேவை நிறைவேற அரை நூற்றாண்டு ஆயிற்று.

லைன்களில் வளர்ந்த எழுத்தறிவு

தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். நிலத்தடியில் வேலை செய்தவர்களுள் ஆதிதிராவிட மக்களே மிகுதி. தட்டியால் கட்டப்பட்ட வரிசை வீடுகளில் அவர்கள் குடியிருந்தனர். அவ்வரிசைகளுக்கு ‘லைன்’ என்பது பெயர். ஓர் அறையில் ஒரு குடும்பம் வாழும். இரவு ஷிப்டு முடித்துவந்த தந்தை பகலில் உறங்க வேண்டும். பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க அங்கே மூலை கிடையாது.

ஆயினும் எழுத்தறிவு இம்மக்களுக்கு மேலிருந்து வழங்கப்பட்டதன்று என்பதைக் குறிப்பிட்டேயாக வேண்டும். அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் சென்னையில் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழுக்குத் தங்கவயல் வலுவான வாசகர் களமாக இருந்தது. அவர் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை மாரிக்குப்பத்தில் இயங்கியது. பண்டிதர் மறைந்து, இதழும் நின்ற பிறகு, 1920-களில் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு ‘தமிழன்’ மீண்டும் வெளிவந்தபோது, அது வெளியான இடம் கோலார் தங்கவயலே. பண்டிதரின் நூல்களைப் பின்னாளில் அச்சிட்டுக் காத்ததும் இவ்வூரின் சித்தார்த்தா புத்தகசாலைதான். பள்ளிக் கட்டடம் வருமுன்னே வாசிப்பு வந்துவிட்ட ஊர் இது. கல்வி கேட்டு மனுப்போடும் மக்களாக மட்டும் இவர்களைச் சித்திரிப்பது பொருந்தாது.

மைசூர் சமஸ்தானமும் இக்காலத்தில் வாளாவிருக்கவில்லை. 1913-இல் அங்கே கட்டாயத் தொடக்கக் கல்விக்கான சட்டம் இயற்றப்பட்டது. அதே பத்தாண்டில் அரசுப் பள்ளிகளைத் தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்குத் திறந்துவிடும் ஆணைகளும் பிறந்தன. 1918-இல் அமைக்கப்பட்ட மில்லர் குழு, பிற்பட்ட வகுப்பினரின் கல்விக்கும் அரசுப் பணிக்கும் தனிச் சலுகைகள் வேண்டுமெனப் பரிந்துரைத்தது. ஆனால் தங்கவயல் பெரிதும் சுரங்க நிறுவனங்களின் ஆளுகையில் இருந்த நிலப்பரப்பு. அரசின் ஆணை அங்கே நடைமுறைக்கு வரும் வேகம் குறைவு. கிறிஸ்தவ சபைகளும் அரசும் நடத்திய தொடக்கப் பள்ளிகளே தொழிலாளர் பிள்ளைகளுக்கு முதல் படியாயின. 1940-களில் ராபர்ட்சன்பேட்டையிலும் கோரமண்டலிலும் தோன்றிய தெரேசா, செபஸ்தியார் பள்ளிகள் பின்னர் உயர்நிலைப் பள்ளிகளாக வளர்ந்தன. வணிகத்துக்காகக் குடியேறிய மார்வாடிச் சமூகத்தினரின் முயற்சியால் சுமதி ஜெயின் உயர்நிலைப் பள்ளி ஏற்பட்டது.

பதினைந்து வயது வரை

உயர்நிலைக் கல்வி தொழிலாளர் குடும்பத்தில் நுழைந்ததற்குப் பள்ளிச் சட்டத்தைப் போலவே சுரங்கச் சட்டமும் காரணமாகும். 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் 15 வயது நிறையாத எவரையும் சுரங்கத்தில் வேலைக்கு அமர்த்தக் கூடாது என விதித்தது. 1983-இல் அது திருத்தப்பட்டு, வயது வரம்பு 18 ஆயிற்று. தொடக்கப் பள்ளியை ஒரு சிறுவன் 11, 12 வயதில் முடிக்கிறான். சுரங்க வாயில் திறப்பதற்கு இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன. அந்த இடைவெளியை நிரப்ப இருந்த ஒரே நிறுவனம் உயர்நிலைப் பள்ளிதான்.

ஆனால் அப்பள்ளியின் சான்றிதழுக்கு நெடுங்காலம் பெரிய மதிப்பு ஏற்படவில்லை. தந்தையின் வேலை மகனுக்கு வரும் என்ற எதிர்பார்ப்பு ஆழ வேரூன்றியிருந்தது. பாறைத் தூளைச் சுவாசித்து நுரையீரல் கெடும் சிலிகோசிஸ் நோய் இச்சுரங்கங்களின் தீராத் துயரம். அதற்கு இழப்பீடு வழங்க 1940-இலேயே மைசூரில் விதிகள் செய்யப்பட்டன. எனினும், தந்தை நோயுற்று வேலையிலிருந்து விலகினால் மூத்த மகனின் படிப்பு நிற்பதை எந்த விதியாலும் தடுக்க இயலவில்லை. எட்டாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் மாணவர்கள் விலகுவதைப் படிப்பில் ஆர்வமின்மை என்று கணக்கில் எழுதுவது எளிது. தங்கவயலில் அதன் காரணத்தைச் சுரங்க மருத்துவமனைப் பதிவேட்டிலும் தேட வேண்டும்.

1956-ஆம் ஆண்டு நவம்பரில் மைசூர் அரசு சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது. 1962-இல் அவை மத்திய அரசின் பொறுப்புக்கு வந்தன. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. ஐரோப்பியக் குடும்பங்கள் கப்பலேற, அவர்கள் விட்டுச்சென்ற வகுப்பறை இருக்கைகளில் இந்தியப் பிள்ளைகள் அமர்ந்தனர். 1964-இல் நிறுவப்பெற்ற பாரத் எர்த் மூவர்ஸ் தங்கவயலில் மண்வாரி இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையை வளர்த்தது. அங்கே வேலைக்குச் சேர வரைபடம் படிக்கவும் அளவெடுக்கவும் தெரிந்திருக்க வேண்டும். தந்தையின் பணி எண் போதாது. பத்தாம் வகுப்புச் சான்றிதழைக் கேட்டு வாங்கிய முதல் பெரிய வேலையளிப்பவர் என்று இத்தொழிற்சாலையைக் கூறினால் மிகையாகாது.

இங்கே ஒரு விந்தையையும் சொல்ல வேண்டும். 1965-இல் இந்திய, ஜப்பானிய, பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை நிறுவி, வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோத் துகள்களின் தடயத்தைக் கண்டறிந்தனர். உலக இயற்பியல் நூல்களில் இடம்பெற்ற நிகழ்ச்சி இது. தங்கவயல் மாணவர்கள் அறிவியல் பாடம் படித்த வகுப்பறைகளின் அடியிலே, அவர்களுடைய தந்தையர் வெட்டிய சுரங்கப் பாதையிலேயே அது நிகழ்ந்தது.

மூன்று மொழிகளும் 625 மதிப்பெண்களும்

1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டன. அதே மாத இறுதியில் சுரங்கம் நாட்டுடைமையாயிற்று. ஆகவே தங்கவயல் மாணவன் அரசின் பொறுப்புக்கு வந்தபோதே மொழிச் சிறுபான்மையினனாகவும் ஆனான். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கும் தமிழும், அரசு அலுவலகத்தில் கன்னடம், தொழிற்சாலை அறிவிப்பில் ஆங்கிலம் என்பது அவனுடைய அன்றாட வாழ்க்கை.

கர்நாடக இடைநிலைக் கல்வித் தேர்வு வாரியம் 1966-இல் அமைக்கப்பட்டது. இங்கே நடைமுறைக்கு வந்த எஸ்.எஸ்.எல்.சி. முறையில் மொத்த மதிப்பெண் 625. முதல் மொழிக்கு 125, ஏனைய இரு மொழிகளுக்கும் கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆகியவற்றுக்கும் தலா 100. மதிப்பெண்ணில் பாதிக்கு மேல், அதாவது 325, மொழிப் பாடங்களுக்கே உரியது. ஆகவே எந்த மொழியை முதல் மொழியாகக் கொள்வது என்பது இங்கே உணர்ச்சி சார்ந்த வினா மட்டுமன்று. அது மேல்வகுப்பில் இடம் கிடைப்பதையும் பாதிக்கும் வினா. 2015-ஆம் ஆண்டுக் கன்னட மொழிக் கற்றல் சட்டம், 2017-18 முதல் படிப்படியாக, எல்லாப் பள்ளிகளிலும் கன்னடத்தை முதல் மொழியாகவோ இரண்டாம் மொழியாகவோ கற்பிக்க வேண்டுமென்று விதித்தது. கர்நாடகத்திலேயே வேலை தேடப்போகும் மாணவனுக்கு இதனால் பயன் உண்டு. தாய்மொழிக்கும் கன்னடத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ஒருசேரத் தகுதியான ஆசிரியர் கிடைக்காத பள்ளியிலோ, இதுவே சுமையாகிறது.

2001-க்குப் பின்

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கும் மேற்பட்ட தங்கத்தைக் கொடுத்த வயலில், கடைசியாக வேலையிழந்தோர் மூவாயிரத்துக்கும் அதிகமானோர். தந்தையின் வேலை மகனுக்கு என்ற பழைய கணக்கு அன்றோடு முடிந்தது. நகரத்தில் எஞ்சி நின்றவை சயனைடு கலந்த கழிவு மண் மேடுகள், லைன் வீடுகள், பள்ளிகள்.

விடியுமுன் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயில்கள் ஏறத்தாழ 100 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள பெங்களூருக்கு ஆயிரக்கணக்கானோரை நாள்தோறும் ஏற்றிச் செல்கின்றன. அதிகாலையில் பெற்றோர் புறப்பட்டு இரவில் திரும்பும் வீட்டில், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது பாட்டியின் வேலை அல்லது பிள்ளையின் சொந்தப் பொறுப்பு. அத்தகைய மாணவருக்குப் பள்ளியில் கிடைக்கும் நண்பகல் உணவு ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மேற்பட்ட பொருளுடையது. கர்நாடகத்தின் ‘அட்சர தாசோஹ’ திட்டம் 2007-08 முதல் உயர்நிலை வகுப்புகளுக்கும் விரிவாக்கப்பட்டது. எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு மிதிவண்டி வழங்கும் திட்டம் 2006-07-இல் தொடங்கியது. உராகம், சாம்பியன் ரீஃப், ஆண்டர்சன்பேட்டை என மேடும் பள்ளமுமாகப் பரந்துகிடக்கும் ஊரில் பெண் பிள்ளைகள் தொலைவிலுள்ள உயர்நிலைப் பள்ளிக்குச் செல்ல அது உதவியது.

உணவும் மிதிவண்டியும் பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுசேர்க்கும். எந்தப் பள்ளிக்கு என்பதைப் பெற்றோர் முடிவு செய்கின்றனர். தொடக்கப் பள்ளியில் தாய்மொழிவழிக் கல்வியை அரசு கட்டாயப்படுத்த இயலாது என்று 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019-20-இல் கர்நாடக அரசே 1,000 அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகளைத் தொடங்க முன்வந்தது. வெளியூர் வேலையை நம்பியிருக்கும் தங்கவயல் பெற்றோர் ஆங்கில வழியை நாடுவதில் வியப்பில்லை. அவர்களைக் குறைகூறவும் இடமில்லை. அதன் விளைவு தமிழ்வழிப் பள்ளிகளில் தெரிகிறது.

அரசியலமைப்பின் 350-அ பிரிவு, தாய்மொழிவழிக் கற்பிக்கும் வசதியைத் தொடக்க நிலைக்கு மட்டுமே கூறுகிறது. உயர்நிலை வகுப்புகளுக்கு இருப்பது மொழிச் சிறுபான்மையினர் பாதுகாப்புத் திட்டத்தில் மாநிலங்கள் ஒப்புக்கொண்ட ஏற்பாடு. அதன்படி, தொடக்கப் பள்ளியில் 40 மாணவர்கள் அல்லது வகுப்புக்கு 10 மாணவர்கள் இருந்தால் தாய்மொழி ஆசிரியர் அமர்த்தப்பட வேண்டும். உயர்நிலையில் கடைசி நான்கு வகுப்புகளில் 60 மாணவர்களும் வகுப்பொன்றுக்கு 15 மாணவர்களும் இருக்க வேண்டும். பெற்றோருள் சிலர் ஆங்கில வழிக்கு மாறி, வேறு சிலர் பெங்களூருக்கே குடிபெயர்ந்தால், 15 பேர் இருந்த வகுப்பு 12 ஆகிறது. எண்ணிக்கை குறைந்ததும், ஓய்வு பெற்ற தமிழாசிரியரின் இடத்தை நிரப்பக் கோரும் கோப்புக்கு வலு குறைகிறது. ஆசிரியர் இல்லாத பள்ளியில் மறு ஆண்டு புதிதாகச் சேர எவரும் வருவதில்லை. ஒன்பதாம் வகுப்பை முடித்து நிற்கும் எஞ்சிய மாணவர்களுக்கு, பத்தாம் வகுப்பில் முதல் மொழியைப் புதிதாகத் தொடங்க அவகாசமும் இல்லை.