எழுதியவர் எங்கே நின்றார்?

நாமக்கல் மாவட்டத்தில் ஒரு கிளை நூலகத்தில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் பக்கம் போர்ப் புத்தகம் கேட்டு வருகிறவர்கள் அதிகம். விடியற்காலையில் சாலையோரம் 1,600 மீட்டர் ஓடிப் பழகிவிட்டு, சாயங்காலம் பொது அறிவு படிக்க வரும் அக்னிவீராக ராணுவத்தில் சேரத் தயாராகும் பையன்கள், பென்ஷன் வாங்கும் மிலிட்டரிக்காரர்கள், லாரியில் பஞ்சாப், ஜம்மு என்று போய்விட்டு ஊர் திரும்பும் டிரைவர்கள். "போரைப் பத்தி நல்ல புத்தகமா ஒண்ணு குடுங்க சார்" என்பார்கள். அந்த 'ஒண்ணு' மட்டும் என்னால் முடியாது. ஒரு போருக்குக் குறைந்தது இரண்டு புத்தகமாவது எடுத்துக் கொடுப்பேன். முதல் புத்தகத்தை எழுதியவர் நின்ற இடத்தில் இரண்டாமவர் நின்றிருக்கக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு.

இந்தப் பிடிவாதம் எனக்கு எங்கள் சமவெளியில் இருந்தே வந்தது. மேட்டூரைத் தாண்டி கொளத்தூர்ப் பக்கம் 1980களில் விடுதலைப் புலிகளின் பயிற்சி முகாம் இருந்தது. அதைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். பரமத்தியில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 1987 முதல் 1990 வரை இலங்கையில் இந்திய அமைதிப்படையில் இருந்துவிட்டு வந்த சிப்பாய்கள், வயலும் கோழிப்பண்ணையுமாக இதே ஊர்களில் வாழ்கிறார்கள். ஒரே போரை மூன்று பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் எங்கள் காவிரிப் பக்கத்திலேயே கிடைக்கும்போது, ஒரு பக்கத்தை மட்டும் படித்துவிட்டுப் போர் தெரியும் என்று எப்படிச் சொல்வது?

அந்தப் போரையே எடுத்துக்கொள்வோம். 1987 அக்டோபர் 11 நள்ளிரவு. புலிகளின் தலைமையைப் பிடிக்க, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டர்களில் வீரர்களை இறக்குவது இந்திய ராணுவத்தின் திட்டம். புலிகள் காத்திருந்தார்கள். இறங்கிய 13வது சீக்கிய இலகு காலாட்படையின் 30 பேரில் 29 பேர் அங்கேயே இறந்தார்கள். ஒருவர் பிடிபட்டார். இந்த ஒரு இரவைப் பற்றி மட்டும் படித்தாலே போர்ப் புத்தகங்களின் குணம் பிடிபட்டுவிடும்.

யாழ்ப்பாணத்தில் 54வது டிவிஷனின் தளபதியாக இருந்தவர் மேஜர் ஜெனரல் ஹர்கிரத் சிங். 2007இல் அவருடைய புத்தகம் வந்தது. அவருக்கு மேலே அமைதிப்படை முழுவதற்கும் பொறுப்பாக இருந்த லெப்டினன்ட் ஜெனரல் தீபிந்தர் சிங்கும் எழுதியிருக்கிறார். பின்னால் அதே டிவிஷனுக்குத் தளபதியாக வந்த சர்தேஷ்பாண்டேயின் புத்தகம் 1992இல் வந்தது. கொழும்பில் இந்தியத் தூதராக இருந்த ஜே.என். தீட்சித் தன் பக்கத்தை 1998இல் எழுதினார். நால்வருமே உள்ளே இருந்தவர்கள்தான். இருந்தாலும் நாலு புத்தகமும் ஒத்துப்போவதில்லை. பேச்சுவார்த்தைக்கு வந்த புலிகளின் தலைவர் பிரபாகரனைச் சுட்டுவிடச் சொல்லித் தீட்சித் கேட்டார், நான் மறுத்துவிட்டேன் என்கிறார் ஹர்கிரத் சிங். இதைப் படிக்கும் வாசகர் ஒன்றைச் சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்: தீட்சித் 2005 ஜனவரியில் இறந்துவிட்டார். 2007இல் வந்த புத்தகத்துக்குப் பதில் எழுத அவர் இல்லை. தளபதி சொன்னது பொய் என்று நான் சொல்லவில்லை. அச்சான ஆண்டைப் பார்க்காமல் நினைவுக்குறிப்பு படிக்காதீர்கள் என்கிறேன்.

எங்கள் நூலகத்துக்கு வரும் ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவருக்கு ஹர்கிரத் சிங் புத்தகத்தில் இருந்து சில பக்கங்களைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடித்ததும், "மேலிருந்து பாத்தா இப்படித்தானுங்க சார் தெரியும். எங்களுக்கு முன்னால இருந்த மதில்சுவரு ஒண்ணுதான் தெரிஞ்சுது. அந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் யாரு இருக்காங்கன்னு ஒருத்தருக்கும் தெரியாது" என்றார். ஜெனரலின் புத்தகத்தில் அந்தச் சுவர் இல்லை. இருக்கவும் முடியாது. அவர் பார்த்தது வரைபடத்தை.

சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் 'முறிந்த பனை' படிக்க வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து ஆசிரியர்கள் நால்வர், ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், ஸ்ரீதரன், ராஜனி திரணகம, சேர்ந்து எழுதிய புத்தகம். சண்டை நடந்த ஊரிலேயே இருந்து, வீடு வீடாகக் கேட்டு எழுதியது. 1987 தீபாவளியன்று யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் இந்தியப் படை நுழைந்தபோது நோயாளிகள், மருத்துவர்கள், ஊழியர்கள் என்று அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இருதரப்புத் துப்பாக்கிச் சூட்டில் சிக்கியவர்கள் என்றே ராணுவத் தரப்பு சொல்லிவந்தது. உள்ளே பிணங்களுக்கு நடுவில் படுத்துக் கிடந்து பிழைத்தவர்கள் சொன்னது வேறு. அந்தப் புத்தகம் இந்திய ராணுவத்தை மட்டும் குற்றம் சொல்லவில்லை. புலிகளையும், மற்ற இயக்கங்களையும், இலங்கை அரசையும் ஒரே அளவில் கேள்வி கேட்டது. 1989 செப்டம்பர் 21 அன்று, சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்த ராஜனி சுட்டுக் கொல்லப்பட்டார். புத்தகம் 1990இல் வெளிவந்தது. எழுதினால் யாருக்கு என்ன லாபம், என்ன நஷ்டம் என்று போர்ப் புத்தகங்களில் பார்க்க வேண்டும் என்பேன். இந்தப் புத்தகம் எழுதியவர்களில் ஒருவரின் உயிரையே கேட்டது. அதற்காகவே நான் இதை நம்பி எடுத்துக் கொடுப்பேன்.

என் சொந்தப் பிரதியை முகாமில் இருந்து வந்த ஒரு அம்மா வாங்கிப் போனார். திருப்பித் தரும்போது ஒரு பக்கத்தை விரித்துக் காட்டி, "எங்கட ஊரின்ர பேர் இதில கிடக்கு, சேர்" என்றார். போர்ப் புத்தகம் தேர்ந்தெடுக்கும்போது நான் இதையும் பார்ப்பேன். பட்டாலியன் எண்களும் தளபதிகளின் பெயர்களும் எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். சண்டை நடந்த ஊரில் குடியிருந்தவர்களுக்கு அந்தப் புத்தகத்தில் பெயர் இருக்கிறதா? செத்தவர்களின் கணக்கில் யார் யாரைச் சேர்த்திருக்கிறார்கள்?

எண்ணிக்கை விஷயத்தில் 1971 வங்கதேசப் போர் நல்ல உதாரணம். டாக்காவில் 93,000 பாகிஸ்தான் வீரர்கள் சரணடைந்தார்கள் என்று பள்ளி மேடை முதல் வாட்ஸ்அப் வரை சொல்கிறார்கள். அந்த எண்ணில் சீருடைப் படையினர் மட்டுமில்லாமல் போலீசாரும், துணைப்படையினரும், குடிமக்களும் சேர்ந்திருக்கிறார்கள். நல்ல புத்தகம் அதைப் பிரித்துக் காட்டும். மோசமான புத்தகம் எண்ணைக் கொடி மாதிரி தூக்கிப் பிடிக்கும். இந்தியாவின் வெற்றி அந்தப் பிரிப்பால் ஒரு அணுவும் குறையாது.

1971க்கு நான் மூன்று புத்தகம் சொல்வேன். இந்திய ராணுவத்தின் கிழக்குப் பிராந்தியத்தில் சீஃப் ஆஃப் ஸ்டாஃப் ஆக இருந்த ஜேக்கப் எழுதியது ஒன்று, 1997இல் வந்தது. டாக்காவைப் பிடிப்பதுதான் இலக்கு என்ற எண்ணம் தன்னுடையது, மேலிடத்தின் உத்தரவில் அது இல்லை என்கிறார். அவர் எழுதியபோது, போரின்போது ராணுவத் தளபதியாக இருந்த மானெக்சா குன்னூரில் உயிரோடு இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தோற்ற தளபதி நியாசியின் புத்தகம் 1998இல் வந்தது. பழியை எல்லாம் மேற்குப் பாகிஸ்தானில் இருந்தவர்கள் தலையில் போடுகிறார். மூன்றாவது ஸ்ரீநாத் ராகவன் 2013இல் எழுதியது. அவரும் முன்னாள் ராணுவ அதிகாரிதான், ஆனால் இந்தப் போரில் அவருக்குப் பங்கில்லை. பல நாடுகளின் ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்து கடிதங்களையும் குறிப்புகளையும் படித்து எழுதியிருக்கிறார். ஏப்ரலிலேயே படையெடுக்கச் சொன்ன இந்திரா காந்தியை மானெக்சா தடுத்து நிறுத்தினார் என்ற பிரபலமான கதை, ஆவணங்களோடு வைத்துப் பார்த்தால் அப்படியே நிற்பதில்லை என்பது அவர் வாதம். படித்துவிட்டுச் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. வரட்டும், அதற்காகத்தான் கொடுக்கிறேன்.

1962 பற்றிக் கேட்டால் பிரிகேடியர் ஜான் தால்வி. நாம்கா சூ ஆற்றங்கரையில் 7வது பிரிகேடுக்குத் தலைமை தாங்கிச் சீனர்களிடம் சிறைப்பட்டவர், 1969இல் எழுதினார். அவர் குற்றம் சாட்டும் ஜெனரல் கவுல் இரண்டு வருஷம் முன்னதாகவே, 1967இல், தன் நியாயத்தை எழுதி முடித்துவிட்டார். தோல்வியை விசாரித்த ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கை 1963இல் எழுதப்பட்டது, அரசு இன்றுவரை வெளியிடவில்லை. அதைப் பார்த்து எழுதிய நெவில் மேக்ஸ்வெல் சீனாவின் பக்கம் சாய்ந்தவர் என்ற விமர்சனம் உண்டு. மூன்றையும் படித்தாலும் முழுப்படம் கிடைக்காத போர் இது.

கடையில் நின்று பத்து நிமிஷத்தில் முடிவு செய்ய வேண்டியவர்களுக்குச் சொல்கிறேன். அட்டையில் டாங்கி இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம். வரைபடத்தைத் திறந்து, பக்கங்களில் வரும் ஊர்ப் பெயர்கள் அதில் இருக்கின்றனவா என்று தேடுங்கள். ஆறும் குன்றும் எங்கே என்று தெரியாமல் சண்டை புரியாது. பிறகு, எழுதியவர் தன் தரப்பு தோற்ற சண்டையை எப்படி எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். வெற்றியை யார் வேண்டுமானாலும் எழுதலாம். தோல்வி வந்ததும் மழை, துரோகம், டெல்லி என்று மூன்று காரணத்தோடு கடந்து போகிறவரை நான் எடுக்க மாட்டேன். கார்கில் போருக்கு அப்போதைய ராணுவத் தளபதி மாலிக்கின் புத்தகத்தோடு, திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம் தலைமையிலான ஆய்வுக் குழுவின் அறிக்கையையும் வைத்துப் படிக்கச் சொல்வது அதனால்தான். ஊடுருவலை முன்கூட்டியே ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று நம் தரப்பே நம்மைக் கேட்ட கேள்விகள் அதில் இருக்கின்றன.

போர் நடக்கும்போதே பிறப்பவை தனி ரகம். ஏற்காடு சாலையில் இருந்த நம் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1945இல் 'பர்மா ராணி' எடுத்தது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் தரப்புக்கு ஆதரவாக வந்த படம். அந்தக் கால மனசைத் தெரிந்துகொள்ள அது உதவும், போரைத் தெரிந்துகொள்ள உதவாது. அதே போரில் ஜப்பானியர் காலத்தை இந்தோனேசியாவின் மேடானில் வாழ்ந்து பார்த்த ப. சிங்காரம், ரொம்ப வருஷம் கழித்து 'புயலிலே ஒரு தோணி' எழுதினார். நாவல்தான். இருந்தாலும் பல வரலாற்றுப் புத்தகங்களைவிட எனக்கு அது அதிகம் சொல்லிக்கொடுத்தது.

ஆங்கிலம் சிரமமானவர்களுக்கு மருதனின் 'இரண்டாம் உலகப் போர்', பா. ராகவனின் 'நிலமெல்லாம் ரத்தம்' இரண்டும் நல்ல வாசல்கள். ஈழப் போரின் கடைசிக் கட்டத்துக்கு, புலிகள் இயக்கத்தில் இருந்த தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்' இருக்கிறது. அவர் இறந்த பிறகு 2016இல் வந்த புத்தகம், அதில் எவ்வளவு அவர் கைப்பட எழுதியது என்ற சர்ச்சையையும் தெரிந்துகொண்டே படியுங்கள்.

எனக்குத் தீராத ஒரு குறை உண்டு. அமைதிப்படை பற்றி ஜெனரல்கள் ஆங்கிலத்தில் எழுதிவிட்டார்கள். தூதர் எழுதிவிட்டார். யாழ்ப்பாணத்துப் பேராசிரியர்களும், இயக்கத்தில் இருந்தவர்களும் எழுதினார்கள். தமிழ் பேசிக்கொண்டே தமிழர் ஊருக்குள் துப்பாக்கியோடு போன நம் பக்கத்துச் சிப்பாய் எழுதிய புத்தகம் எதுவும் என் அலமாரிக்கு வந்ததில்லை. வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அழும் குழந்தையின் மொழி அவருக்குப் புரிந்தது. கூட நின்ற பஞ்சாபிக்குப் புரியவில்லை. அந்த வித்தியாசத்தை அவரைத் தவிர வேறு யார் எழுத முடியும்? அந்தச் சிப்பாய்கள் இப்போது எழுபதை நெருங்குகிறார்கள்.

அதனால் எங்கள் வாசகர் வட்டத்தில் அந்த ஹவில்தாருக்கு இரண்டு நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறோம். ஒன்றில் அவர் கண்ணால் கண்டது மட்டும், தேதியும் இடமும் யூனிட் பேரும் போட்டு. மற்றொன்றில் மற்றவர்கள் சொல்லிக் கேட்டது. அவர் சொல்லச் சொல்ல, பிளஸ் டூ படிக்கும் பேத்தி எழுதுகிறாள். மதில்சுவர் வரைக்கும் வந்திருக்கிறார்கள். உங்கள் தெருவிலும் அமைதிப்படையில் இருந்து வந்தவர் ஒருவர் இருப்பார். இந்த வாரமே இரண்டு நோட்டு வாங்கிக்கொண்டு அவரிடம் போங்கள்.