மலைநாட்டு வரைபடமும் தரைக்கட்டுப்பாட்டுப் புள்ளிகளும்

நுவரெலியா நகருக்கு வடக்கே உயர்ந்து நிற்கும் பிதுருதலாகலை, 2,524 மீட்டர் உயரமுடையது. இலங்கையின் மிகவுயர்ந்த சிகரம் அதுவே. இதனை யாவரும் அறிவர். நாட்டின் வரைபடங்களுக்கு அச்சிகரமே மூலப்புள்ளி என்பதைப் பலர் அறியார். 1999 ஆம் ஆண்டின் தேசிய ஆள்கூற்று முறையில் அதற்குக் கிழக்கு 500,000 மீட்டர், வடக்கு 500,000 மீட்டர் என எண்கள் வழங்கப்பட்டுள்ளன. தீவின் ஏனைய இடங்கள் யாவும் அதனை வைத்தே குறிக்கப்படுகின்றன.

இக்காலத்தில் செய்மதியும் ஆளில்லா விமானமும் தோட்டங்களைப் படம் பிடிக்கின்றன. ஆயினும் படம் வேறு, வரைபடம் வேறு. உயர்ந்த நிலம் படத்தின் நடுவிலிருந்து வெளிப்புறமாக விலகித் தோன்றும். 120 மீட்டர் உயரத்திலிருந்து எடுத்த படமொன்றைக் கொள்வோம். விமானத்துக்கு நேர்கீழான இடத்திலிருந்து 60 மீட்டர் தொலைவில், 30 மீட்டர் உயர்ந்த முகடொன்று உளது. நிலம் சமதளமெனக் கருதினால், அம்முகடு 80 மீட்டர் தொலைவில் இருப்பதாகக் கணக்கு வரும். பிழை 20 மீட்டர்!

ஒன்றன்மேலொன்று படியும் பல படங்களைக் கொண்டு கணினி நிலத்தின் உயரங்களைக் கணித்து இவ்விலகலை நீக்குகிறது. எனினும், அவ்வுருவம் முழுவதும் இடம் பெயரவோ, சரியவோ, வளையவோ கூடும். அதனைப் பூமியோடு பிணைக்கும் ஆணிகளே தரைக்கட்டுப்பாட்டுப் புள்ளிகள். வானிலிருந்து தெளிவாகத் தெரியும் கறுப்பு வெள்ளைப் பலகைகளை நிலத்தில் வைத்து, அவற்றின் இடத்தையும் உயரத்தையும் நுண்கருவியால் சில சென்ரிமீட்டர் திருத்தத்துடன் அளப்பர். தேயிலைச் செடிகளிடையே பலகை மறையுமாதலால், பெரட்டுக்களம், தொழிற்சாலை முற்றம், பாதை வளைவு ஆகியன ஏற்ற இடங்களாம். ஓரங்களிலும் நடுவிலும், பள்ளத்திலும் முகட்டிலும் அவை பரந்திருத்தல் வேண்டும். ஏறுதற்கு அஞ்சிப் பாதையோரத்தில் மட்டும் வைப்பின், முகட்டின் அளவு வெறும் ஊகமாகிவிடும்.

மாணவர் கவனிக்கத்தக்க விதி மற்றொன்றும் உண்டு. அளந்த புள்ளிகளுட் சிலவற்றைக் கணக்கிற் சேராது ஒதுக்கிவைத்து, வரைபடம் முடிந்தபின் அவற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பர். இவை சரிபார்ப்புப் புள்ளிகள். முன்னரே காட்டிய வினாக்களைக் கொண்டு மாணவனின் அறிவை அளக்கவியலாதன்றோ?

இத்துணை நுணுக்கம் எதற்கு? அண்மைக்கால மலையக வீடமைப்புத் திட்டங்களிற் குடும்பமொன்றுக்கு 7 பேர்ச்சஸ் நிலம் என்ற அளவு கொள்ளப்பட்டது. அது ஏறக்குறைய 177 சதுர மீட்டர். சதுரமாயின் பக்கம் 13 மீட்டர் சிறிது மிகும். ஐந்து மீட்டர் பிழை அந்நிலத்தின் அகலத்தில் மூன்றிலொரு பங்கினும் அதிகம். பரந்த தோட்டத்துக்கு அற்பமான பிழை, தலைமுறைகள் கடந்து நிலம் பெறும் குடும்பத்துக்குப் பெரு நட்டமாகும்.

உயிரும் இதனோடு தொடர்புடையது. 2014 அக்டோபர் 29 ஆம் நாள் பதுளை மாவட்டத்தின் மீரியபெத்தையில் மண்சரிவு லயன்களைப் புதைத்ததை நாம் மறத்தற்கில்லை. அபாய எல்லைக்கோடு வரைபடத்திற் சில மீட்டர் விலகினால், வெளியேற வேண்டிய வீடும் பாதுகாப்பான வீடாகத் தோன்றிவிடும்.

ஆகவே, வானிலிருந்து பார்க்கும் கண் எத்துணைக் கூர்மையாயினும், பலகையைச் சுமந்து மலையேறும் மனிதனின் கால்கள் இன்றி வரைபடம் மெய்யாகாது. நம் கல்லூரி மாணவருட் சிலரேனும் நில அளவைக் கலையைக் கற்று, தாம் பிறந்த மலைகளைத் தாமே அளக்க முன்வருவாராக.