இறக்கைக்குள்ளே ஒரு ஆன்டெனா!

சொந்தமா விமானம் கட்டிப் பறக்க முடியுமா? அமெரிக்காவில் முடியும் பாஸ். கட்டுமான வேலையில் பாதிக்கு மேல் நீங்களே செஞ்சிருந்தா, அரசாங்கமே 'அமெச்சூர் பில்ட்' என்று பதிவு பண்ணிக் கொடுக்கும். சரி, இன்ஜின் ரெடி, இறக்கை ரெடி. ரேடியோவுக்கு ஆன்டெனாவை எங்கே வைப்பீங்க? பல பேருக்கு மண்டை காயுறது இந்த இடத்துலதான்.

ஒரு குட்டிக் கணக்கு. விமானிகள் பேசுவது 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை. நடுவில் 127-ஐ எடுத்துக்கிட்டா அலைநீளம் 2.36 மீட்டர். அதில் கால் பங்கு 59 செ.மீ. அவ்வளவு நீளக் கம்பி போதும். ஆனா, கம்பிக்கு அடியில் உலோகத் தளம் வேணும். முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி அதுதான் மிச்சப் பாதி ஆன்டெனாவைக் காட்டும். அலுமினிய விமானத்துக்கு உடம்பே தளம். தகடு மெலிசு என்பதால், கம்பி காற்றில் ஆடி ஆடி விரிசல் விடாம இருக்க உள்பக்கம் இன்னொரு தகடு வெச்சு ரிவெட் அடிக்கணும்.

1970-களில் பர்ட் ரூட்டன் என்ற டிசைனர் இந்தக் கதையையே மாத்தினார். அவரோட வேரி-ஈஸீ, லாங்-ஈஸீ எல்லாம் நுரைப் பலகை மேல் ஃபைபர் கிளாஸ் ஒட்டிச் செய்தவை. உலோகத் தளத்துக்கு எங்கே போக? ஆனா ஃபைபர் கிளாஸ் ரேடியோ அலையைத் தடுக்காதே! ஜிம் வெயர் என்ற இன்ஜினீயர் செம ஐடியா கொடுத்தார். இரண்டு துண்டு காப்பர் டேப், கேபிளில் கோத்த சில ஃபெரைட் வளையங்கள். உடம்புக்குள்ளேயே புதைச்சுட வேண்டியதுதான். பேசுற ஆன்டெனா செங்குத்தா நிக்கணும், அதனால் இறக்கை நுனியில் நிமிர்ந்து நிற்கும் 'விங்லெட்'டுக்குள்ளே. வழிகாட்டும் வி.ஓ.ஆர். சிக்னலுக்குப் படுக்கை வசம். வெளியே எதுவும் நீட்டாததால் காற்றுத் தடையும் மிச்சம்.

வில்லங்கம் என்னன்னா, ஒட்டி மூடிட்டா திரும்பத் திறக்க முடியாது. ஒரு சால்டர் விட்டுப்போனாலும் ஆசையா செஞ்ச பாகத்தை நீங்களே அறுக்கணும். கண்ட்ரோல் டவர் இல்லாத மைதானங்களில் நீங்க இறங்குவதை மத்த விமானிகளுக்குச் சொல்றதே ரேடியோதான், அதனால விட்டுட்டும் போக முடியாது. மூடும் முன்னாடி எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் வெச்சுப் பாருங்க. 2-க்கு 1 என்றால் 11 சதவீத பவர் திரும்பி வரும். 3-க்கு 1 என்றால் 25 சதவீதம்! கார்பன் ஃபைபரில் மட்டும் இந்த வித்தையே பலிக்காது. அது மின்சாரம் கடத்தும், உள்ளே வெச்ச ஆன்டெனா பொட்டிக்குள்ளே போட்ட செல்போன் கதைதான்.

இ.சி.இ. மக்களே, இது உங்களுக்கு. 131.25-ஐ 12-ஆல் பெருக்குங்க. 1575. ஜி.பி.எஸ். வேலை செய்வது 1575.42 மெகாஹெர்ட்ஸில்! நீங்க மைக் பட்டனை அழுத்தின நேரம் பார்த்து ஜி.பி.எஸ். காணாமப் போகலாம். அதனால இரண்டு ஆன்டெனாவையும் எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வைக்கணும்.

எல்லாம் முடிஞ்சதும் விமானத்தை மைதானத்தில் நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமா ஒரு முழு வட்டம் திருப்பி, ஒவ்வொரு திசையிலும் பேசிப் பாருங்க. எந்தப் பக்கம் குரல் தேயுதுன்னு குறிச்சு வெச்சுக்கிட்டு, அப்புறம் கிளம்புங்க.