போல்ட்டைக் கழற்றினால் துப்பாக்கி பேசும்

ரைபிள் சுடும் போட்டிக்கு வேடிக்கை பார்க்கப் போகிறவர்களின் கண் எங்கே போகும்? நீளமான பேரல், வண்ண வண்ண அலுமினிய ஸ்டாக், சுடுபவர் போட்டிருக்கும் விறைப்பான தோல் ஜாக்கெட். படம் எடுப்பவர்களும் இவற்றைத்தான் எடுப்பார்கள். ஆனால் போட்டிக்கு முந்தின மாலை ரேஞ்சின் பின்பக்க அறைக்குள் எட்டிப் பாருங்கள்! சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலியா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டு, அனுபவசாலிகள் முதலில் உருவி வெள்ளைத் துணியில் வைப்பது ஒரு சின்ன உருக்கு உருளையை. போல்ட்! பார்க்க ஒன்றும் இல்லாதது போல இருக்கும். மறுநாள் பதக்கம் கழுத்துக்கு வருமா என்பதில் அதற்கு ஒரு பெரிய பங்கு உண்டு. அந்த வெள்ளைத் துணியைச் சுற்றி நடக்கும் பரிசோதனைகளைப் பக்கத்தில் நின்று பார்ப்பதைப் போன்ற சுகம் எனக்கு வேறு எந்த விளையாட்டிலும் கிடைத்ததில்லை.

கொல்லிமலையின் திண்ணனூர் நாட்டில் உட்கார்ந்துகொண்டு குறி பார்ப்பதைப் பற்றி எழுதாமல் இருக்க முடியுமா? எங்கள் மலையின் பெருமையே ஒரு வில்லாளி. ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்துப் போனதாக வன்பரணர் புறநானூற்றில் வியந்தது நம்ம ஓரியைத்தான் என்று இங்கே சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். ஆடி 17, 18 வந்தால் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா, கூடவே வில்வித்தைப் போட்டி. ஆடி 17 பெரும்பாலும் ஆகஸ்ட் 2-ல் வரும். இன்னொரு சந்தோஷத்தைக் கேளுங்கள்: கடலூரில் பிறந்து, 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் 10 மீட்டர் ஏர் ரைபிளில் தங்கம் வென்ற இளவேனில் வாலறிவன் பிறந்ததும் ஒரு ஆகஸ்ட் 2-ல்தான், 1999-ல்! சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012-ல் லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியதும் இதே ஏர் ரைபிளில்தான்.

ஏர் ரைபிளில் வெடிமருந்து கிடையாது, அழுத்திய காற்றுதான் குண்டைத் தள்ளுகிறது. ஆகவே நம் கதாநாயகனான போல்ட்டைப் பார்க்க 50 மீட்டர் ரேஞ்சுக்குப் போக வேண்டும். அங்கே ஆட்சி செய்வது பாயின்ட் டூ டூ (.22) ரகத் தோட்டா. மகாராஷ்டிரத்தின் ஸ்வப்னில் குசாலே 2024 ஆகஸ்ட் 1-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் 451.4 புள்ளிகளோடு வெண்கலம் வென்றாரே, முழங்காலிட்டு, படுத்து, நின்று என மூன்று நிலைகளில் சுடும் போட்டி, அது இந்த ரகம்தான். இலக்கு அட்டையில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர். ஒரு சட்டைப் பொத்தான் அளவு, 50 மீட்டர் தள்ளி!

சரி, துணிக்குத் திரும்புவோம். போல்ட் செய்யும் வேலை என்ன? முன்னால் தள்ளினால் தோட்டாவைச் சேம்பருக்குள் உட்கார வைக்கிறது. கைப்பிடியைக் கீழே இறக்கினால் பின்பக்கத்தை அடைத்துப் பூட்டுகிறது. ட்ரிக்கர் விடுபட்டதும் உள்ளே இருக்கும் ஃபயரிங் பின் ஸ்பிரிங்கின் வேகத்தில் பாய்ந்து அடிக்கிறது. திறந்து இழுத்தால் முகப்பில் உள்ள கொக்கி, அதாவது எக்ஸ்ட்ராக்டர், காலி கூட்டைக் கவ்வி வெளியே கொண்டுவருகிறது. ட்ரிக்கர் விடுபட்டதிலிருந்து பின் அடிக்கும் வரை ஆகும் நேரம் சில மில்லிசெகண்டுதான். அந்த நேரம் எவ்வளவு குறைவோ, கை ஆட்டம் குண்டை இழுத்துக்கொண்டு போகும் வாய்ப்பும் அவ்வளவு குறைவு. ஜெர்மனியின் அன்ஷூட்ஸ், வால்தர், ஃபைன்வெர்க்பாவ், சுவிட்சர்லாந்தின் பிளைக்கர் என்று பெரிய பெயர்கள் எல்லாம் இந்தச் சின்ன உருளைக்குள்தான் மல்லுக்கட்டுகின்றன. உல்ம் நகரத்து அன்ஷூட்ஸ் குடும்பம் 1856-லிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறது.

நல்ல போல்ட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் சோதனை விரலுக்கு. நன்றாக இழைத்த தேக்குக் கதவின் தாழ்ப்பாள் போல, ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே அழுத்தத்தில் போய் விழ வேண்டும். பாதி வழியில் லேசாகச் சிராய்த்தாலே அனுபவசாலியின் புருவம் ஏறிவிடும். பளபளப்பைப் பார்த்து யாரும் ஏமாறுவதில்லை, விரலுக்குத் தெரிவது கண்ணுக்குத் தெரியாது. அடுத்து எக்ஸ்ட்ராக்டர். ஒரு காலி கூட்டைக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போல்ட்டைத் தலைகீழாகப் பிடிப்பார்கள். கூடு அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றால் கொக்கியின் முனையும் ஸ்பிரிங்கும் ஆரோக்கியம். பொத்தென்று விழுந்தால் ஏதோ தேய்ந்திருக்கிறது.

இப்போதுதான் எனக்கு மிகப் பிடித்த இடம் வருகிறது. குப்பை வாளி! ஆமாம், சுட்டுத் தள்ளிய காலி கூடுகளைக் கை நிறைய அள்ளி, விளக்கு வெளிச்சத்தில் வரிசையாக நிறுத்துவார்கள். பாயின்ட் டூ டூ தோட்டாவில் தீப்பற்றும் ரசாயனம் அடிப்பகுதியின் நடுவில் இல்லை, சுற்று விளிம்புக்குள் இருக்கிறது. ஃபயரிங் பின் அந்த விளிம்பை நசுக்கினால்தான் தீப்பொறி. நசுங்கிய தழும்பு ஒவ்வொரு கூட்டிலும் பதிந்திருக்கும். எல்லாத் தழும்பும் ஒரே இடத்தில், ஒரே ஆழத்தில், ஒரே உருவத்தில் இருக்கின்றனவா? ஒரு பூதக்கண்ணாடி போதும். ஒன்று ஆழம், ஒன்று மேலோட்டம், ஒன்று விளிம்பை விட்டு நழுவியது என்று இருந்தால், பின் முனை தேய்ந்திருக்கலாம், ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், உள்ளே பழைய கிரீஸ் பிசினாகி இருக்கலாம். துப்பறியும் கதை படிப்பது போலத்தான் இருக்கும்.

தழும்புக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்கிறீர்களா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். போட்டித் தோட்டாவின் குண்டு 2.6 கிராம், வேகம் நொடிக்கு 330 மீட்டர் அளவில். 50 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 0.16 நொடி. அதற்குள் புவியீர்ப்பு அதைப் பன்னிரண்டு சென்டிமீட்டர் கீழே இழுத்துவிடும். அது எல்லாக் குண்டுக்கும் பொது என்பதால் சைட்டில் சரிசெய்துவிடலாம். ஆனால் அடி சீராக விழாமல் ஒரு தோட்டா சரியாகத் தீப்பற்றவில்லை, வேகம் நொடிக்கு 10 மீட்டர் குறைந்துவிட்டது என்று வையுங்கள். அந்தக் குண்டு மற்றதைவிட ஏழெட்டு மில்லிமீட்டர் தாழ்ந்து விழும். பத்து வட்டமே 10.4 மில்லிமீட்டர்தான்! மூச்சை அடக்கி, இதயத் துடிப்புகளுக்கு நடுவே ஏறக்குறைய கச்சிதமாகச் சுட்டவருக்கும் ஒன்பது விழலாம். அவர் தன் கையைத்தான் நொந்துகொள்வார். குற்றவாளியோ அரைக்காசு பெறாத ஒரு ஸ்பிரிங்!

அடுத்தது பொருத்தம். போல்ட் முகப்புக்கும் சேம்பர் விளிம்புக்கும் நடுவே தோட்டாவின் விளிம்பு உட்காரும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரும் கொஞ்சமும்தான். அது சற்றே கூடினால் பின்னின் அடியில் ஒரு பங்கு தோட்டாவை முன்னே தள்ளுவதில் வீணாகும். ரொம்பக் குறைந்தால் போல்ட் மூடவே முரண்டு பிடிக்கும். அதனால்தான் ஒரு ரைபிளின் போல்ட்டை இன்னொன்றில் போடுவதை யாரும் ஒப்புக்கொள்வதில்லை. ஒரே மாடல் என்றாலும் அந்த இரண்டும் வேறு வேறு ஜோடி. மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் அளவுகோல் வைத்திருக்கும் துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம், அதாவது ஆர்மரரிடம் போக வேண்டும். போல்ட்டின் எண்ணும் ரைபிளின் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது அனுபவசாலிகளுக்கு அனிச்சைச் செயல்.

ஜோடி சரியானால் அதற்கேற்ற தோட்டாவைத் தேடும் படலம் தொடங்கும். இங்கிலாந்தில் பர்மிங்காம் பக்கம் உள்ள எலே தொழிற்சாலைக்குப் பெரிய வீரர்கள் ரைபிளைத் தூக்கிக்கொண்டே போவார்கள். அங்கே ரைபிளை இடுக்கியில் பூட்டி, தயாரிப்புத் தொகுதி வாரியாக, அதாவது லாட் லாட்டாகச் சுட்டுப் பார்த்து, எந்த லாட்டில் ஓட்டைகள் நெருங்கி விழுகின்றனவோ அதையே வாங்கி வருவார்கள். கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பதில்கூட இவ்வளவு பொறுமை கிடையாது.

இத்தனையும் கையால் திறந்து மூடும் போல்ட். தானாகத் திறந்து மூடும் ரைபிளில் என்ன நடக்கும்? அங்கே போல்ட் தனியாக இல்லை, ஒரு தேரில் ஏறி உட்கார்ந்திருக்கும். அந்தத் தேர்தான் போல்ட் கேரியர். குண்டு பேரலில் ஓடும்போது கொஞ்சம் வாயு பிரிந்து கேரியரைப் பின்னால் உதைக்க, போல்ட் சுழன்று பூட்டு விடுபட, காலி கூடு பறக்க, ஸ்பிரிங் எல்லாவற்றையும் முன்னே தள்ள, அடுத்த தோட்டா தயார். கண் இமைப்பதற்குள்! நம் மலையிலிருந்து இறங்கி நாமக்கல் வழியாகப் போனால் வரும் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில் 1966-லிருந்து படைகளுக்கான ஆயுதங்கள் தயாராகின்றன. அங்கே உருவாகும் திருச்சி அசால்ட் ரைபிளுக்குள்ளும் கேரியரும் சுழலும் போல்ட்டும்தான் ஓடுகின்றன. இந்த ராணுவ ரகங்களை நம் நாட்டில் பொதுமக்கள் வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் வெளிநாடுகளில் இதே அமைப்பில் பெரிய போட்டிகளே உண்டு. 2019-ல் ஸ்வீடனின் கார்ல்ஸ்கூகாவில் உலக அளவில் ஒன்று நடந்தது.

அந்த வீரர்கள் கேரியர் வாங்கும் அழகே தனி. போல்ட்டுக்குக் கார்பென்டர் 158 என்ற உருக்கா, 9310 என்ற உருக்கா என்று ராத்திரி முழுக்க வாதம் செய்வார்கள். என்னைக் கேட்டால் உருக்கின் பெயரைவிட அதைச் சூடேற்றிப் பதப்படுத்திய கைப்பக்குவம்தான் முக்கியம். அதன்பிறகு வரும் சோதனையைப் பார்த்தால் சொக்கிப் போவீர்கள். போல்ட்டைக் காந்தமாக்கி, ஒளிரும் இரும்புத் துகள் கலந்த திரவத்தை ஊற்றி, இருட்டறையில் புறஊதா விளக்கைப் போடுவார்கள். முடி அளவு விரிசல் இருந்தாலும் துகள்கள் அங்கே கூடிப் பச்சைக் கோடாக மின்னும்! விரிசல் பெரும்பாலும் வருவது போல்ட்டைச் சுழற்றும் கேம் பின் நுழையும் துளையிலும், எக்ஸ்ட்ராக்டரை ஒட்டிய பூட்டுப் பற்களிலும்தான்.

வாயு நேரே கேரியருக்குள் பாயும் ரகங்களில், கேரியரின் தலையில் வாயு நுழையும் குழாய்த் துண்டு ஒன்று இரண்டு திருகுகளில் நிற்கிறது. திருகுகளைச் சுற்றிலும் உலோகத்தை உளியால் நசுக்கி அசையாமல் செய்திருக்கிறார்களா என்று முதலில் பார்ப்பார்கள். திருகு தளர்ந்தால் வாயு கசியும், கேரியர் பாதி தூரம் போய்ச் சோர்ந்து திரும்பும். போல்ட்டைச் சுற்றி வாயு கசியாமல் அடைக்கும் வளையங்களுக்கு இன்னும் எளிய சோதனை. போல்ட்டை வெளியே இழுத்துவிட்டு, அதன் முகப்பின் மேல் கேரியரை நிமிர்த்தி வைப்பார்கள், நின்றால் நல்லது. தன் பாரத்தாலேயே சரிந்து இறங்கினால் வளையங்களை மாற்ற வேண்டும். வேகப் போட்டிக்காரர்கள் எடை குறைந்த கேரியரைத் தேடுவார்கள், உதைப்பு குறையும், குறி சீக்கிரம் திரும்பும். ஆனால் அதற்கேற்ப வாயுவையும் குறைக்கத் தெரியாவிட்டால் தோட்டா சிக்கிக்கொண்டு நிற்கும். முதல் கேரியர் வாங்குகிறவர் இந்த ஆசையைத் தள்ளிப்போடுவதே நல்லது.

எல்லா ரகத்துக்கும் பொதுவான எதிரி ஈரம். ஆயிரம் மீட்டருக்கு மேல், பனிமூட்டம் வாசலுக்கே வரும் நம் மலையில் உருக்குக்கு ஒரு ராத்திரி போதும், செம்புள்ளி விழுந்துவிடும். ஆகவே துடைத்து, மெல்லிய எண்ணெய் பூச வேண்டும். அதிலும் அளவு உண்டு. பின்னும் ஸ்பிரிங்கும் இருக்கும் உள்ளறையில் எண்ணெயை ஊற்றிவிட்டால், குளிரில் அது கெட்டியாகிப் பின்னின் கையைப் பிடித்து இழுக்கும். தழும்பு ஆழம் குறையும். பிறகு அதே ஏழெட்டு மில்லிமீட்டர் கதைதான்.

20 ஜூல் ஆற்றலுக்கு உட்பட்ட ஏர் ரைபிளில் பழகி, பிறகு உரிமம் பெற்றுப் பாயின்ட் டூ டூ வாங்கப் போகும் பிள்ளைகள் பெரும்பாலும் இன்னொரு வீரரின் பழைய ரைபிளைத்தான் பார்க்கப் போகிறார்கள். அவர்களுக்கு: ஸ்டாக்கின் நிறத்தில் மயங்க வேண்டாம். எண்கள் ஒத்துப்போகின்றனவா பாருங்கள். பின்னும் ஸ்பிரிங்கும் கடைசியாக எப்போது மாற்றப்பட்டன என்று கேளுங்கள். தோட்டா இல்லாமல் ட்ரிக்கரை அழுத்திப் பழகியவரா, அந்த மாடல் அதைத் தாங்குமா என்றும் கேளுங்கள், ஏனென்றால் சில ரைபிள்களில் பின் சேம்பர் விளிம்பிலேயே மோதித் தேயும். அப்புறம் ரேஞ்சுக்கு அழைத்துப் போகச் சொல்லி, உங்கள் கண்முன் ஒரு இருபது தோட்டாவைச் சுடச் சொல்லுங்கள். அட்டையைப் பார்க்க அவர் முன்னால் போகட்டும். நீங்கள் குனிந்து அந்த இருபது கூடுகளையும் பொறுக்குங்கள்.