மலைவாணர் ஆடையும் மன்னர் உடையும்

நந்திதுர்க்கம் என்றவுடன் தங்கவயல் வாழ் தமிழர் மனத்தில் எழுவது சுரங்கமே. ஷாப்டும் சயனைடு மேடுமே. அச்சுரங்கத்திற்குப் பெயர் தந்ததோ பெங்களூருக்கு வடக்கே ஏறத்தாழ 4,850 அடி உயரத்தில் நிற்கும் நந்திமலைக் கோட்டை. அக்கோட்டையைத் திப்பு சுல்தானிடமிருந்து 1791ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ஆங்கிலேயர் கைப்பற்றினர். இரவில் மதிலின் பிளவு வழியே ஏறியவர்களுள் 71ஆம் ஹைலாந்துப் படையினரும் இருந்தனர். ஏறுவதற்கு முன், பகைவர் நிலத்தடியில் வெடிச்சுரங்கம் வைத்திருக்கிறார்கள் என்ற முணுமுணுப்பு எழுந்ததாம். தளபதி மெடோஸ் அதைக் கேட்டு, சுரங்கம் இருந்தால் அது தங்கச் சுரங்கமாகத்தான் இருக்கும் என்று சொல்லி அச்சத்தை மாற்றினாராம். விளையாட்டாகச் சொன்ன அச்சொல், அம்மலையின் பெயர் தாங்கிய மற்றோரிடத்தில் நூறாண்டு கழியுமுன் மெய்யாயிற்று!

அந்த ஹைலாந்தர் யாவர்? ஸ்காட்லாந்தின் வடமேற்கு மலைநாட்டவர். ‘கில்ட்’ என்னும் இடையாடைக்கு உரியவர்கள். இன்று அவ்வாடை அரசகுடும்பத்தார் விழாக்காலத்தில் புனையும் உடையாக உலகுக்குத் தெரிகிறது. அது அரண்மனை புகுந்த கதையைத்தான் இங்கே சொல்லப் புகுந்தோம்.

முதலில் அது தைத்த உடையே அன்று. பல கஜம் நீளமுள்ள கம்பளித் துணியைத் தரையில் விரித்து, கொசுவம் மடித்து, அதன்மீது படுத்து, இடைவாரைக் கட்டிக்கொண்டு எழுவர். மேற்பாதி தோளில் ஏறும், மழை வந்தால் தலைக்கு முக்காடாகும், இரவில் போர்வையாகும். ஆடு மாடு மேய்க்கும் ஏழைக்கு ஒரே துணி மூன்று வேலை செய்தது. கீழ்ப்பாதியை மட்டும் தனியே வெட்டித் தைத்துக்கொள்ளும் சிறிய கில்ட் 18ஆம் நூற்றாண்டில்தான் பரவிற்று. இரும்புத் தொழில் நடத்த அங்கே வந்த ராலின்சன் என்ற ஆங்கிலேயரே அதை அமைத்தார் என்று சிலர் கூறுவர்; ஸ்காட்லாந்தர் பலர் இதை ஒப்புவதில்லை.

இன்றைய நல்ல கில்ட்டுக்கு எட்டுக் கஜம் துணி செல்லும். முன்புறம் தட்டையாக இருக்க, மடிப்புகள் யாவும் பின்புறம் அமையும். நம் பாட்டிமாரின் பின்கொசுவத்தை நினைத்துக் கொள்க. பை வைத்துத் தைப்பதில்லை. ஆகவே தோலாலாகிய ஒரு பணப்பை இடையின் முன்னே தொங்கும். நம்மவர் சுருக்குப்பையை மடியில் மறைப்பர். அவரோ வெள்ளி பதித்து ஊரறியத் தொங்க விடுவர்.

1745இல் ஸ்டூவர்ட் குலத்து இளவரசர் சார்லஸ், பறிபோன அரியணையை மீட்க மலைநாட்டாரைத் திரட்டினார். மறு ஆண்டு ஏப்ரலில் கல்லோடன் போரில் அவர் படை அழிந்தது. வென்றவர்கள் ஆடையின்மேலும் பாய்ந்தனர். 1746ஆம் ஆண்டுச் சட்டப்படி மலைநாட்டு ஆடை அணிந்தவனுக்கு ஆறு திங்கள் சிறை. இரண்டாம் முறை அணிந்தால் ஏழாண்டு கடல் கடத்தல். அரசரின் படையில் சேர்ந்தவருக்கு மட்டும் விலக்கு உண்டு. நந்திமலை ஏறிய படை திரட்டப்பெற்ற 1777ஆம் ஆண்டிலும் அச்சட்டம் நடப்பில் இருந்தது. தந்தையின் ஆடையை அணிய விரும்பிய மகன், தந்தையைத் தோற்கடித்த அரசனுக்காகத் துப்பாக்கி ஏந்த வேண்டியிருந்தது! அப்படி ஏந்தியும் இந்திய வெயிலில் தடித்த கம்பளி தாங்காமையால், இங்கு வந்த ஹைலாந்துப் படையினர் பெரும்பாலும் வெள்ளைக் காற்சட்டையே அணிந்தனர் என்பது வேறு செய்தி.

ஆடைக்காகச் சட்டம் செய்வது நமக்கும் புதிதன்று. 2014இல் சென்னையில் வேட்டி கட்டி வந்த உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரை ஒரு கிளப்பில் நுழைய விடாமையால், வேட்டியைத் தடுக்கலாகாது என்று தமிழக சட்டமன்றம் அவ்வாண்டே சட்டம் இயற்றிற்று. அங்கே அணியாதே என்று சட்டம். இங்கே அணிந்தவனைத் தடுக்காதே என்று சட்டம்.

அங்கே தடை நீங்கியது 1782இல். அதன்பின் நாற்பது ஆண்டில் நடந்ததுதான் வியப்பு. 1822 ஆகஸ்டில் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு எழுந்தருளினார். ஏறத்தாழ 170 ஆண்டுகளாக ஆளும் மன்னர் எவரும் ஸ்காட்லாந்தில் அடி வைத்ததில்லை. வரவேற்பை அமைத்தவர் நாவலாசிரியர் சர் வால்டர் ஸ்காட். எல்லாரும் மலைநாட்டு உடையில் வருக என்று அவர் தூண்ட, சமவெளியில் பிறந்து வளர்ந்த கனவான்களும் தத்தம் குலத்துக் கட்டத்துணியைத் தேடி ஓடினர். மன்னருக்கோ அப்பொழுதுதான் அறுபது நிறைந்திருந்தது, பருத்த உடம்பு. சிவந்த ஸ்டூவர்ட் கட்டத்தில், அணிமணி ஆயுதங்களோடு அவருக்குச் சமைத்த உடையின் விலை 1,354 பவுன் 18 ஷில்லிங். கில்ட் முழங்காலுக்கு மேலே நின்றுவிட்டது; கால் தெரியாதிருக்க உடல் நிறத்தில் இறுகிய காலுறை அணிந்தார். மன்னர் நம்மிடையே சில நாளே இருப்பதால் அவரை எவ்வளவு மிகுதியாகக் காண்கிறோமோ அவ்வளவு நன்று என்றாளாம் ஒரு சீமாட்டி. ஓவியர் வில்கி 1829இல் அக்கோலத்தை வரைந்தபோது கில்ட்டைச் சற்று நீட்டினார், காலுறையை விட்டுவிட்டார். அரசரை வரைவோர்க்கு அந்த அளவு கருணை வேண்டும் போலும்!

விக்டோரியா அரசியார் காலத்தில் இக்கோலம் வீட்டு வழக்கமே ஆயிற்று. 1848 முதல் பால்மோரல் அவர்தம் மலைநாட்டு இல்லமாயிற்று. கணவர் ஆல்பர்ட் சாம்பல் நிறத்தில் தனிக்கட்டம் ஒன்றை வகுத்தார். அரசகுடும்பத்தாரும் அரசரின் பைப் இசைஞருமே அதை அணியலாம். இளவரசர்கள் கில்ட்டிலேயே வளர்ந்தனர். 1863இல் மூத்த இளவரசரின் திருமணத்திற்கு, பின்னாளில் ஜெர்மானியப் பேரரசரான வில்ஹெல்ம் நான்கு வயதுக் குழந்தையாய் ஹைலாந்து உடையில் வந்தார். அடங்கியிரு என்ற மாமன்மாரும் கில்ட் அணிந்திருந்தமையால், அவர்களுடைய வெறுங்காலைக் கடித்து வைத்தாராம். 2023இல் மூன்றாம் சார்லஸ் மன்னர் பெயராலும் புதியதொரு கட்டம் அமைக்கப்பெற்றது.

இவ்வாறு ஆடை அரண்மனை ஏறிய அதே காலத்தில், அதை உடுத்தியிருந்த மக்கள் மலையிலிருந்து இறக்கப்பட்டனர். ஆட்டு மந்தை மிகுந்த வரும்படி தரும் என்று கண்ட நிலக்கிழார்கள் குடியானவரை வெளியேற்றினர். சதர்லாந்துப் பகுதியில் ஊர் ஊராக வீடுகள் இடிக்கப்பட்டன. எடின்பரோவில் மன்னர் கில்ட் அணிந்து நின்றபோது அந்த வேதனை ஆறியிருக்கவில்லை. கப்பலேறியோர் பலர். இதற்கு முன்பே, ஆடைத்தடை இருந்த 1773இல், ‘ஹெக்டர்’ என்னும் கப்பல் இருநூறு பேருக்குச் சற்றுக் குறைவானோரைக் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் கொண்டு இறக்கியிருந்தது.

அந்த நோவா ஸ்கோஷியாவில் 1953இல் ஒரு வேளாண்மைக் கண்காட்சி நடந்தது. அதற்கான சித்திரத் திரையில் கில்ட் அணிந்த ஆட்டிடையன் ஒருவனைக் காட்ட வேண்டியிருந்தது. எந்தக் குலத்துக் கட்டத்தை அணிவித்தாலும் மற்றைக் குலத்தார் மனம் கோணுமே என்று, பெஸ்ஸி மர்ரே என்ற நெசவுக்கலை வல்ல அம்மையார் ஒருவருக்கும் உரியதல்லாத புதுக்கட்டம் ஒன்றை வகுத்தார். கடலுக்கு நீலம், பாறைக்கும் நுரைக்கும் வெண்மை, காட்டுக்குப் பச்சை. இன்று அம்மாகாணத்தின் அதிகாரப்பூர்வமான துணி அதுவே. அதை அணிய அரச பரம்பரையும் வேண்டா, குலமும் வேண்டா.