முகத்துவாரம் போல ஒரு மென்சவ்வு

2022இல் மீனவர்கள் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற நாட்களில், "ஐதரசனில ஓடுற எஞ்சின் எங்கட தோணிக்கு வராதா சேர்?" என்று என் உயர்தர மாணவர்கள் கேட்டார்கள். வரலாம். ஆனால் அதன் உயிர்நாடி எஞ்சின் அல்ல, ஒரு மென்சவ்வு.

எரிபொருட்கலத்தில் ஐதரசன் புரோத்தனாகவும் இலத்திரனாகவும் பிரிகிறது. இலத்திரன் வெளிக்கம்பியால் சுற்றிப் போகிறது, அதுதான் மின்சாரம். புரோத்தன் சவ்வைக் கடந்து, ஒட்சிசனோடும் இலத்திரனோடும் சேர்ந்து நீராகிறது. 1965இல் ஜெமினி 5 விண்கலத்தில் இருந்த பொலிஸ்தைரீன் சவ்வு நெடுநாள் உழைக்கக்கூடியதல்ல. அதன் இடத்தைப் பிடித்தது டூபொன்ட் நிறுவனத்தின் நஃபியோன்.

நஃபியோன் ஒரு பல்பகுதியம். அதன் தெப்லோன் போன்ற முதுகெலும்பு தண்ணீரை அண்டவிடாது. அதில் தொங்கும் சல்போனிக் அமிலக் கூட்டங்களோ தண்ணீரை இழுக்கும். ஒத்துவராத இரண்டும் ஒரே சங்கிலியில் கட்டுண்டதால் தனித்தனியே ஒதுங்குகின்றன. அப்போது சுமார் 4 நனோமீற்றர் அகலமான நீர்க்குழிகளும், அவற்றை இணைக்கும் ஒடுங்கிய வழிகளும் உண்டாகின்றன. புரோத்தன் ஓடுவது அந்த வழியால்தான்.

பாலமீன்மடு முகத்துவாரத்தை நினைத்துப் பாருங்கள். கோடையில் மணல் மூடும், மாரியில் திறக்கும். இந்தச் சவ்வும் அப்படித்தான். காய்ந்தால் வழி அடைபடும். அதனால் 100 பாகை செல்சியசுக்கு மேல் நஃபியோன் சிரமப்படுகிறது.

இதே வகைச் சவ்வு, உப்புக்கரைசலிலிருந்து இரசம் இல்லாமலே குளோரீன் எடுக்கவும் உதவுகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. இத்தகைய புளோரீன் சேர்வைகள் மண்ணிலும் நீரிலும் லேசில் சிதையாது. ஆகவே புளோரீன் இல்லாத பல்பகுதியங்களில் அதே நுண்வழிகளை அமைக்க ஆய்வாளர்கள் முயல்கிறார்கள். அப்படியொரு எஞ்சின் கரைக்கு வந்தால், விலையை மட்டும் விசாரிக்காமல், "பழுதான சவ்வை எங்க போடுற?" என்றும் கேளுங்கள். நாம் தின்னும் இறாலும் நண்டும் இந்த வாவியில்தான் வளருது.