சிறையிருந்தாரின் துணைவி: எலிசபெத் பனியனின் முறையீடும் பெட்ஃபோர்டு திருச்சபையின் தாங்குதலும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்க் கிறித்தவ இலக்கிய ஆய்வில் ஜான் பனியன் நன்கு அறியப்பட்டவர். அவர் சிறையிலிருந்த 12 ஆண்டுகள் குடும்பத்தைத் தாங்கிய அவர்தம் மனைவி எலிசபெத்தும், அவ்விருவரையும் தாங்கிய பெட்ஃபோர்டு திருச்சபையும் அவ்வளவாகக் கவனம் பெறவில்லை. குடும்பத்தின் வறுமையைக் கொண்டு ஒருவரின் மனச்சான்றை வளைக்க அதிகாரம் முயன்றபோது, சபையின் உதவி அம்முயற்சியை வலுவிழக்கச் செய்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. எலிசபெத் உதவி பெற்றவர் மட்டுமல்லர், வழக்கை முன்னின்று நடத்தியவர் என்பதும் இங்குச் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஜான் பனியன், எலிசபெத் பனியன், பெட்ஃபோர்டு, திருச்சபை, சிறை, மனச்சான்று, மோட்சப் பிரயாணம்

முன்னுரை

எச். ஏ. கிருட்டிணபிள்ளை இயற்றி 1894ஆம் ஆண்டு வெளிவந்த ‘இரட்சணிய யாத்திரிகம்’ வழியாகத் தமிழ் ஆய்வுலகம் ஜான் பனியனை (1628-1688) அறிந்துள்ளது. அக்காப்பியத்திற்கு மூலமாக அமைந்த ‘மோட்சப் பிரயாணம்’ சிறைக்காலத்தில் தொடங்கப்பெற்ற நூல் என்பது பெரும்பாலான ஆய்வாளர் கருத்து. சிறையில் ஒருவர் எழுதிக்கொண்டிருக்க வேண்டுமாயின், சிறைக்கு வெளியே அவர்தம் குடும்பம் உயிரோடிருக்க வேண்டும். அக்குடும்பம் எவ்வாறு வாழ்ந்தது என்னும் வினாவே இக்கட்டுரைக்கு அடிப்படை.

பனியன் தம் கைதையும் விசாரணையையும் பற்றித் தாமே எழுதிய குறிப்பு, அவர் மறைந்து பல்லாண்டுகளுக்குப் பின் 1765இல் அச்சேறியது. எலிசபெத் நீதிபதிகளிடம் உரையாடிய செய்தி அதில்தான் இடம்பெறுகிறது. 1666இல் வெளிவந்த அவர்தம் ஆன்மிகத் தன்வரலாறும், பெட்ஃபோர்டு சபையின் நடவடிக்கைப் பதிவேடும் இதனோடு சேர்த்து நோக்கத்தக்க சான்றுகளாகும்.

கைதும் குடும்பத்தின் நிலையும்

பெட்ஃபோர்டு நகருக்கு அருகிலுள்ள எல்ஸ்டோ என்னும் சிற்றூரில் பிறந்த பனியன், உலோகப் பாத்திரங்களைச் செப்பனிடும் தொழிலாளி. முதல் மனைவி நான்கு குழந்தைகளை விட்டு இறந்தார். அவர்களுள் மூத்தவளான மேரி பிறவியிலேயே பார்வையற்றவள். 1659இல் பனியன் எலிசபெத்தை மணந்தார். அடுத்த ஆண்டே இங்கிலாந்தில் முடியாட்சி மீண்டது. அரசத் திருச்சபைக்கு வெளியே கூடி வழிபடுவோர் மீது பழைய சட்டங்கள் மீண்டும் பாய்ந்தன. 1660 நவம்பர் 12 அன்று, லோயர் சாம்செல் என்னும் ஊரில் ஒரு வீட்டுக் கூட்டத்தில் பேச முற்பட்டபோது பனியன் கைது செய்யப்பட்டார்.

1593ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. மூன்று திங்கள் சிறை, அதன் பின்னும் அரசத் திருச்சபைக்கு இணங்காவிடில் நாடுகடத்தல், அனுமதியின்றித் திரும்பி வந்தால் தூக்கு என்பது அத்தண்டனையின் அமைப்பு. பொதுக்கூட்டங்களில் பிரசங்கிப்பதில்லை என்று உறுதியளித்தால் விடுதலைக்கு வழியுண்டு என்பது தொடக்கம் முதலே அவருக்கு உணர்த்தப்பட்டது. அவர் உறுதியளிக்கவில்லை. மூன்று திங்களாக அறிவிக்கப்பட்ட சிறை 12 ஆண்டுகளாக நீண்டது.

கைதுச் செய்தி எட்டியபோது எலிசபெத் கருவுற்றிருந்தார். அதிர்ச்சியில் உரிய காலத்திற்கு முன்னரே வலி கண்டது. எட்டு நாள்கள் துன்புற்றுப் பெற்ற குழந்தை இறந்தது. மணமாகி ஈராண்டு நிறையாத அவ்விளம்பெண்ணின் பொறுப்பில் தாம் பெறாத நான்கு குழந்தைகள் இருந்தனர். அக்காலச் சிறைகளில் கைதியின் உணவும் தேவைகளும் பெரும்பாலும் குடும்பத்தாரையும் நண்பரையுமே சார்ந்திருந்தன. வருவாய் ஈட்டியவர் சிறைப்பட்டதோடு அவரையும் பேண வேண்டிய கடமை குடும்பத்தின்மேல் விழுந்தது.

மனச்சான்றும் பாசமும்

மனைவி மக்களைப் பிரிந்திருப்பது எலும்பிலிருந்து சதையைப் பிய்ப்பது போன்றது என்னும் பொருள்படத் தன்வரலாற்றில் பனியன் எழுதுகிறார். பார்வையற்ற மகள் பசியிலும் குளிரிலும் படக்கூடிய பாட்டை எண்ணும்போது நெஞ்சு உடைவதாகவும் அவர் கூறுகிறார். தம் வீட்டை மனைவி மக்கள் தலைமீது தாமே இடித்துத் தள்ளும் மனிதனைப் போலத் தம்மை அவர் கண்டார். ஆயினும் தம் முடிவிலிருந்து அவர் மாறவில்லை.

இவ்விடத்தில் அவர் துணைகொள்ளும் விவிலியப் பகுதிகள் கருதத்தக்கன. முதலாவது, 1 சாமுவேல் 6ஆம் அதிகாரத்தில் வரும் கறவைப் பசுக்கள். கன்றுகள் தொழுவில் அடைபட்டிருக்க, உடன்படிக்கைப் பெட்டி ஏற்றிய வண்டியை அப்பசுக்கள் வேற்றிடத்திற்கு இழுத்துச் செல்கின்றன. இரண்டாவது, தந்தையற்ற பிள்ளைகளையும் கைம்பெண்களையும் இறைவன் காப்பதாகக் கூறும் எரேமியா 49:11. மனைவி உயிரோடிருக்கவும் கைம்பெண்ணுக்கான வாக்குறுதியை அவர் பற்றிக்கொள்வது, சிறையைக் குடும்பத்தளவில் ஒரு மரணமாகவே அவர் உணர்ந்தமையைக் காட்டுகிறது.

பசுக்கள் சென்றபின் கன்றுகளைக் காப்பவர் யார் என்னும் வினா அவ்வுவமையில் மறைந்து நிற்கிறது. இறைவன் காப்பார் என்பது பனியனின் நம்பிக்கை. நடைமுறையில் அக்காப்பு மனைவியின் வழியாகவும் சபையின் வழியாகவுமே வந்தது.

எலிசபெத்தின் முறையீடு

1661 ஏப்ரலில் நிகழ்ந்த அரசரின் முடிசூட்டு விழாவை ஒட்டிச் சிறைப்பட்டோர் மன்னிப்புக் கோர வாய்ப்பு அளிக்கப்பட்டது. கணவரின் விடுதலை வேண்டி எலிசபெத் இலண்டன் சென்றார். பிரபுக்கள் அவையைச் சேர்ந்த பார்க்வுட் பிரபுவிடம் விண்ணப்பம் அளித்தார். விடுவிக்கும் அதிகாரம் அடுத்து வரும் சுற்று நீதிபதிகளிடமே உள்ளது என்னும் மறுமொழியுடன் ஊர் திரும்பினார்.

அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் நீதிபதிகள் பெட்ஃபோர்டுக்கு வந்தனர். எலிசபெத் மும்முறை விண்ணப்பம் அளித்தார். முதலில் சர் மேத்யூ ஹேலிடம் கொடுத்தார். ஹேல் கனிவோடு வாங்கிக்கொண்டாலும் தம்மால் ஏதும் இயலாது என அஞ்சுவதாகக் கூறினார். மறுநாள் நீதிபதி டிவிஸ்டனின் வண்டிக்குள் விண்ணப்பத்தை எறிந்தார். பிரசங்கிப்பதை விடுவதாக உறுதி கூறாதவரை விடுதலை இல்லை என்று டிவிஸ்டன் சீறினார். மூன்றாம் முறை, இருக்கையில் அமர்ந்திருந்த ஹேலிடமே மீண்டும் சென்றார். ஹேல் செவிசாய்க்க முற்பட்ட வேளையில், பனியன் தண்டனை பெற்ற முரடர் எனக் கூறி உள்ளூர் நடுவர் சர் ஹென்றி செஸ்டர் குறுக்கிட்டார்.

இதன் பின்னரும் அவர் ஓயவில்லை. மாவட்டத் தலைமை ஷெரீபு ஊக்கமளிக்க, ஸ்வான் விடுதியின் அறையில் நீதிபதிகளும் ஊர்ப் பெருமக்களும் கூடியிருந்தபோது நடுங்கும் நெஞ்சோடு உள்ளே சென்றார். லூக்கா 18ஆம் அதிகாரத்தில் நீதிபதியை விடாது நாடும் கைம்பெண்ணின் நிலையோடு இக்காட்சி ஒப்புநோக்கத்தக்கது.

அவ்வுரையாடலில் எலிசபெத் முன்வைத்த வாதங்கள் மூவகைப்பட்டன. முதலாவது சட்டம் சார்ந்தது. கணவர் முறையாகக் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை, அவர்மீது பதியப்பட்ட தீர்ப்பு நெறிப்படி அமைந்ததன்று என அவர் வாதிட்டார். இரண்டாவது குடும்ப நிலை சார்ந்தது. தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத நான்கு குழந்தைகள் உள்ளனர், அவர்களுள் ஒருத்தி பார்வையற்றவள், நல்லோர் தரும் உதவியன்றி வாழ வழியில்லை என்றார். இவ்வளவு இளம் வயதில் நான்கு பிள்ளைகளா என ஹேல் வியந்தபோது, தாம் மாற்றாந்தாய் என்பதையும் தம் குழந்தை இறந்ததையும் கூறினார். ஹேல் இரங்கினார். வறுமையை அவர் ஒரு போர்வையாகக் கொள்வதாக டிவிஸ்டன் இகழ்ந்தார். மூன்றாவது சமூக நீதி சார்ந்தது. கணவரின் தொழில் என்ன என்று வினவப்பட்டபோது, அவர் பாத்திரம் செப்பனிடும் ஏழையாக இருப்பதாலேயே இகழப்படுகிறார், நீதியும் கிட்டவில்லை என்று எலிசபெத் விடையளித்தார்.

கணவர் பிரசங்கிப்பதை விடுவாரா என்பதே அவர்கள் மீண்டும் மீண்டும் எழுப்பிய வினா. பேச முடியும்வரை அவர் அதை விடத் துணியமாட்டார் என்பது எலிசபெத்தின் விடை. குழந்தைகளின் பசியை எடுத்துரைத்த அதே நாவால், அப்பசியை முடித்துவைக்கக்கூடிய நிபந்தனையை அவர் மறுத்தார். இறுதியில் ஹேல் மூன்று வழிகளைக் கூறினார்: அரசரிடம் முறையிடுதல், மன்னிப்பு ஆணை பெறுதல், தீர்ப்பின் பிழையைத் திருத்தும் ஆணை பெறுதல். எலிசபெத் கண்ணீரோடு வெளியேறினார். தம்மிடம் அவர்கள் கடுமை காட்டியதற்காக மட்டுமன்று, இறுதித் தீர்ப்பு நாளில் அவர்கள் கூற வேண்டிய கணக்கை எண்ணியே அழுததாக அவர் கூறியதைப் பனியன் பதிவு செய்துள்ளார்.

சபையின் தாங்குதல்

எலிசபெத் குறிப்பிட்ட நல்லோர் யாவர்? 1650இல் ஜான் கிஃபோர்டைப் போதகராகக் கொண்டு தோன்றிய பெட்ஃபோர்டு சபையினரே அவர்களுள் முதன்மையானவராதல் வேண்டும். அச்சபை செல்வர் நிறைந்ததன்று. வாசலில் வெயில் காய்ந்தபடி இறைவனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஏழைப் பெண்கள் சிலரின் உரையாடலே பனியனை முதலில் அச்சபையின்பால் ஈர்த்தது. சிறைப்பட்டோரைத் தாமும் உடன் சிறைப்பட்டவர்போல நினைக்கப் பணிக்கும் எபிரெயர் 13:3, துன்புறும் திக்கற்றோரையும் கைம்பெண்களையும் பேணப் பணிக்கும் யாக்கோபு 1:27 ஆகியவை இத்தகைய சபைகளுக்கு அன்றாட நெறிகளாக இருந்தன.

இவ்வுதவியைக் கொடை என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. குடும்பத்தின் துன்பமே பனியனை வளைக்கக்கூடிய நெம்புகோல் என்பதை நீதிபதிகளின் நிபந்தனை காட்டுகிறது. பிள்ளைகள் பட்டினியால் மடியும் நிலை வந்திருப்பின் அவ்வுறுதிமொழியை மறுப்பது அரிதாகியிருக்கும். சபை அளித்த உணவு, அந்நெம்புகோலின் வலிமையைக் குறைத்தது. பனியனும் வாளாவிருக்கவில்லை. நுனியில் உலோகக் குப்பி பொருத்திய நாடாக்களைச் சிறையில் செய்து விற்று, குடும்பத்திற்குத் தம்மால் இயன்றதை அளித்தார்.

சபையும் துன்பத்திற்கு வெளியே நிற்கவில்லை. 1664, 1670ஆம் ஆண்டுச் சட்டங்கள், வீட்டாரன்றி ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ வழிபாட்டிற்குக் கூடுவதைத் தண்டத்திற்குரியதாக்கின. சபைப் பதிவேட்டில் 1664 முதல் 1668 வரை காணப்படும் நீண்ட இடைவெளி அக்கால நெருக்கடியை உணர்த்துகிறது. 1670இல் பெட்ஃபோர்டில் கூடி வழிபட்டோரின் பொருள்கள் தண்டத்திற்காகப் பறிமுதல் செய்யப்பட்டபோது, சுமை தூக்குவோர் உள்ளிட்ட நகர மக்கள் பலர் அதிகாரிகளுக்கு உதவ மறுத்தனர். தாங்குதல் சபையின் எல்லையைக் கடந்து ஊரின் மனச்சான்றாக விரிந்ததற்கு இது சான்று.

பொருளுதவியைவிட அரிதான மற்றோர் உதவியும் உண்டு. அது மதிப்பு. 1672 ஜனவரியில், பனியன் கைதியாக இருந்தபோதே சபை அவரைத் தன் போதகராகத் தேர்ந்தது. அரசின் கண்ணில் குற்றவாளியாக இருந்தவரின் மனைவி, சபையின் கண்ணில் போதகரின் மனைவியானார்.

தாங்குதலின் எல்லைகள்

சபையின் அன்பால் சிறைக்கதவைத் திறக்க இயலவில்லை. 1672 மார்ச்சில் அரசர் வெளியிட்ட சலுகை அறிவிப்பே பனியனின் விடுதலைக்கு வழி செய்தது. அதனைத் தொடர்ந்து குவேக்கர் சமூகத்தார் பெற்ற மன்னிப்பு ஆணையில் பனியனின் பெயரும் சேர்க்கப்பட்டது. பனியனின் முதல் நூல் குவேக்கர்களை மறுத்து எழுதப்பட்டது என்பதை எண்ணும்போது, துன்பக் காலத்தில் கோட்பாட்டு வேறுபாடுகள் பின்னுக்குச் சென்றமை விளங்கும்.

பன்னிரண்டு ஆண்டுப் பிரிவு விட்டுச்சென்ற அச்சம் எளிதில் நீங்கவில்லை. 1685 டிசம்பரில், அடக்குமுறை மீண்டும் கடுமையான சூழலில், பனியன் தம் உடைமைகள் அனைத்தையும் எலிசபெத்திற்குக் கொடை ஆவணம் வழியாக எழுதிவைத்தார். தாம் மீண்டும் சிறைப்பட்டாலும் மனைவி வெறுங்கையோடு நிற்கலாகாது என்னும் கருத்து அதில் புலனாகிறது.

சான்றுகளுக்கும் எல்லை உண்டு. எலிசபெத்தின் சொற்கள் கணவரின் எழுத்து வழியாகவே கிடைக்கின்றன. நீதிமன்றத்தில் அவர் பேசிய ஒரு நாள் பதிவாகியுள்ளது. குழந்தைகளைப் பேணிய ஆண்டுகள் பதிவாகவில்லை.

இலக்கியத்தில் எதிரொலி

1678இல் வெளிவந்த ‘மோட்சப் பிரயாணம்’ முதற்பகுதியில் கிறிஸ்தியான், மனைவியும் பிள்ளைகளும் கதறி அழைக்கக் காதுகளைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். அவனுக்கும் பிள்ளைகள் நால்வர். குடும்பத்தை ஏன் உடன் அழைத்து வரவில்லை என வழியில் வினவப்படும்போது அவன் அழுகிறான். 1684இல் வெளிவந்த இரண்டாம் பகுதி அம்மனைவியின் பயணம். கிறிஸ்தியானாள் தன் நான்கு மைந்தரோடும் ஒரு தோழியோடும் புறப்படுகிறாள். வழிகாட்டி உடன் வருகிறார். ஊன்றுகோல் கொண்டு நடப்போரும் மனம் தளர்ந்தோரும் பின்னர் இணைகின்றனர். வலியவரின் நடை மெலியவருக்கேற்ப மெதுவாகிறது. தனியொருவரின் ஓட்டமாகத் தொடங்கிய கதை, ஒரு சபையின் நடையாக முடிகிறது. பனியனின் குடும்பம் கடந்துவந்த ஆண்டுகளை அறிந்த வாசகர், இம்மாற்றத்தில் அவ்வனுபவத்தின் சுவட்டைக் காணலாம்.

முடிவுரை

சிறைப்பட்டவரின் உறுதியைப் போற்றும் வரலாறுகள், அவ்வுறுதிக்கான விலையில் ஒரு பகுதியை வேறொருவர் செலுத்தியதை மறந்துவிடுவதுண்டு. எலிசபெத் தம் குழந்தையை இழந்தார், பிறர் கொடையில் வாழ்ந்தார், அதற்காக இகழவும்பட்டார். அந்நிலையிலும் கணவரின் மனச்சான்றை விலைபேச அவர் உடன்படவில்லை. ஏழைகளால் ஆன ஒரு சபை அவருடன் நின்றது அதற்குத் துணை செய்தது. ‘இரட்சணிய யாத்திரிக’த்தையும் அதன் மூலநூலையும் கற்போர், சிறைக்குள் எழுதியவரோடு சிறைக்கு வெளியே தாங்கியவர்களையும் சேர்த்து நோக்கும்போது அந்நூல்களின் பின்புலம் முழுமை பெறும்.